நரிக்கு வேலி போடுமுன்

வேலிக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் முதலில் சொல்வது நீளத்தை. இத்தனை அடி, இத்தனை கல்லுக்கால், கம்பி எத்தனை வரிசை, என்ன செலவாகும். எந்த மிருகத்துக்கு என்று கேட்டால், "எல்லாத்துக்கும்தான்" என்று பதில் வரும். பாதிப் பணம் வீணாவது இந்தப் பதிலில்தான். எல்லாவற்றுக்கும் பொதுவான வேலி என்று ஒன்று கிடையாது. பன்றி மூக்கால் நெம்பும், நரி தோண்டும், முயல் இடுக்கில் நுழையும், குரங்கு ஏறும், மயில் பறந்து வந்து இறங்கும். பெருச்சாளிக்கு வேலி இருப்பதே தெரியாது, அதன் பாதை மண்ணுக்கு அடியில். வருவது யார், எதற்கு வருகிறது என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்த பிறகுதான் கடப்பாரையைத் தரையில் ஊன்ற வேண்டும். சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தக் கேள்விகளை ஒழுங்காகக் கேட்டால், பட்டியலில் முதல் பெயராகச் சொல்லப்படும் நரியை அதிலிருந்து நீக்கிவிட வேண்டியிருக்கும் என்பதே என் வாதம். விரட்ட வேண்டியவற்றில் அது சேராது. பல தோட்டங்களில் கூலி வாங்காத காவல்காரனை விரட்டவே நாம் செலவு செய்துகொண்டிருக்கிறோம்.

நரி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு மிருகங்களை. ஒன்று குள்ளநரி. வாழப்பாடிப் பக்கம் அதற்கு வங்காநரி என்று பெயர். எடை இரண்டிலிருந்து நான்கு கிலோவுக்குள், சாம்பல் பழுப்பு உடம்பு, நுனி கறுத்த புசுபுசு வால். மலைக்காடு அதற்கு ஒத்துவராது. புல்லும் முள்ளும் கலந்த கரடு, மேய்ச்சல் புறம்போக்கு, தரிசு, ஓடைக்கரை ஆகியவையே அதன் ஊர். வங்காளத்து நரி என்ற பொருளில் 1800இல் விலங்கியலார் ஜார்ஜ் ஷா வைத்த பெயர் ஊருக்குள் இறங்கி வந்ததா, வங்கில் குடியிருக்கும் நரி என்று ஊரே வைத்த பெயரா என்று திண்ணையில் உட்கார்ந்து வாதாடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. அது தின்பது எலி, வெட்டுக்கிளி, வண்டு, கறையான், ஓணான், நண்டு, இலந்தைப்பழம், வேப்பம்பழம். மற்றது பெரிய நரி. எட்டுப் பத்துக் கிலோ இருக்கும், ஊளையிடும், செத்த கோழியைத் தேடி வரும், கரும்பையும் மக்காச்சோளத்தையும் தர்ப்பூசணியையும் கடிக்கும். பெரியது செய்த குற்றத்துக்குச் சிறியதுதான் பெரும்பாலும் தண்டனை அனுபவிக்கிறது, ஏனென்றால் அதன் வளை தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது; புகை போடவும் கண்ணி வைக்கவும் சுலபம்.

நரியைத் திருடன் என்று சொல்லும் இதே மண்ணில்தான் நரிமுகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. வாழப்பாடி அருகே சின்னமநாயக்கன்பாளையம், கொட்டவாடி முதலிய ஊர்களில் பொங்கலை ஒட்டி வங்காநரியை வலை வைத்துப் பிடித்து, வாயைக் கட்டி, ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஓடவிடுவது வழக்கமாக இருந்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்த பிறகு அது குற்றம். ஆண்டுதோறும் தை மாதத்தில் வனத்துறை எச்சரிப்பதும், ஊர்க்காரர்கள் மனம் கோணுவதும் தொடர்கின்றன. முன்னோர் செய்ததை விடச் சொல்ல நீ யார் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. பிடித்த நரியைக் கொல்லாமல் மறுபடி விட்டுவிட்டுத்தான் வந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. குள்ளநரி இணைசேர்வது மார்கழி, தை மாதங்களை ஒட்டி. சினைக்காலம் ஏறத்தாழ ஐம்பது நாள். ஓர் ஈற்றுக்கு இரண்டிலிருந்து நான்கு குட்டி. பொங்கலில் வலையில் விழுவது பெட்டையாக இருந்தால் வயிற்றில் குட்டியோடு இருக்க வாய்ப்பு அதிகம். மேளமும் கூட்டமும் பார்த்து மிரண்ட பெட்டை அதே வளைக்குத் திரும்பிப் போய் ஈனும் என்று நம்புவதற்கில்லை. கரடெல்லாம் வீட்டுமனையாகிவிட்ட காலத்தில் இந்த இழப்பை ஈடுகட்ட அதனிடம் உபரி இல்லை. நரிமுகம் பார்க்க ஆசைப்படுகிறவர் விடியலுக்கு முன் கடலைக்காட்டு வரப்பில் பேசாமல் உட்கார்ந்தாலே போதும்.

கடலைக்காட்டைச் சொன்னது காரணமாகத்தான். நம் மானாவாரி நிலத்தில் விளைச்சலை நிரந்தரமாகத் தின்பது வெள்ளெலியும் வயல் பெருச்சாளியும். இந்தப் பெருச்சாளியின் அறிவியல் பெயரிலும் வங்காளம்தான் இருக்கிறது. ஒரே ஊர்ப்பெயரைச் சுமந்துகொண்டு ஒன்று மற்றொன்றைத் தின்கிறது. பெருச்சாளியின் சினைக்காலம் சுமார் மூன்று வாரம், ஓர் ஈற்றுக்கு அரை டஜன் குட்டிக்குக் குறையாது. தின்பதைவிட வளைக்குள் இழுத்துச் சேமிப்பது அதிகம். அறுவடைக்குப் பிறகு எலிவளையை வெட்டி நெல்லும் கடலையும் எடுப்பது ஏழைகளுக்கு ஒரு வருமானமாக இருந்ததே, எலி எவ்வளவு சேர்த்துவைக்கிறது என்பதற்குச் சாட்சி. இந்த வேகத்துக்கு ஒரு நரி ஈடாகுமா என்று கேட்கலாம். ஆகாது, நரி இருந்தால் எலியே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆந்தை, சாரைப்பாம்பு, கீரி, நரி என்று பல வாய்கள் சேர்ந்து தின்றால்தான் எலி ஓர் அளவில் நிற்கும். அதில் ஒவ்வொரு வாயாக நாமே அடைத்துவிட்டு, பிறகு எலிமருந்துக்குக் காசு கொடுக்கிறோம். அந்த மருந்து தின்று மயங்கிக் கிடக்கும் எலியைப் பிடிக்கிற ஆந்தையும் சாகிறது. ஆஸ்திரேலியாவில் செம்மறி ஆட்டைக் காப்பாற்ற டிங்கோ என்ற காட்டுநாய்க்கு எதிராக 5,600 கிலோமீட்டருக்கு வேலி போட்டார்கள். டிங்கோ நின்றது. ஆனால் அது இல்லாத பக்கத்தில் கங்காரு பெருகி ஆட்டோடு புல்லுக்குப் போட்டி போட்டது. நம்மூர் விவசாயிகள் இதையே மயிலை வைத்துச் சொல்கிறார்கள்: முட்டை தின்ன நரி இல்லை, அதனால் மயில் பெருகிவிட்டது என்று. மயில் பெருக்கத்துக்கு அது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அதைச் சட்டமும் காக்கிறது, முருகன் வாகனம் என்ற பயமும் காக்கிறது, ஆண்டு முழுவதும் சொட்டுநீரில் பச்சை இருக்கிறது. ஆனால் தரையில் முட்டையிடும் பறவைக்கு நரி இல்லாத ஊர் சொர்க்கம் என்பதில் சந்தேகமில்லை.

அப்படியானால் கோழி? நரிக்கு எதிரான வழக்கில் முதல் சாட்சி கோழிதான். இங்கே துப்பறியும் வேலை கொஞ்சம் வேண்டும். பகலில் குஞ்சு காணாமல் போனால் கீரி அல்லது வல்லூறு. இரவில் கூண்டுக்குள் பல கோழிகள் கழுத்தில் கடிபட்டுச் செத்து, ஒன்றிரண்டு மட்டும் தின்னப்பட்டிருந்தால் மரநாயைச் சந்தேகிக்கலாம். ஆட்டுப்பட்டியில் நாலைந்து ஆடுகள் தொடையும் வயிறும் கிழிந்து, தின்னப்படாமலே கிடந்தால் அது தெருநாய்க் கூட்டம். காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் 2025இல் போராட்டத்தில் இறங்கியது இந்த நாய்களால்தான். தடத்தைப் பார்த்தாலும் தெரியும். பூனையினத்துக்கு நகம் பதியாது, நரிக்கும் நாய்க்கும் பதியும். குள்ளநரித் தடம் பூனைத் தடத்தைவிடச் சற்றே பெரிதாக, நீளவாக்கில் இருக்கும். எச்சத்தில் வண்டுச் சிறகும் இலந்தைக்கொட்டையும் கிடந்தால் வந்தவன் யார், எதைத் தின்ன வந்தான் என்பது இரண்டும் தெளிவு. இத்தனைக்கும் பிறகு, நரி கோழியைத் தூக்குவதே இல்லை என்று நான் வாதிடவில்லை. திறந்து கிடக்கும் கோழியை எதுதான் தூக்காது? அந்தி சாய்ந்ததும் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே கல் வைத்த பாட்டிமாருக்கு இது தெரிந்திருந்தது. கோழியைக் காப்பது கோழியைச் சுற்றிப் போடும் வேலி. தோட்டத்தைச் சுற்றிப் போடும் வேலி அந்த வேலையைச் செய்யாது. நாமக்கல்லில் இன்னொரு விஷயமும் உண்டு. முட்டைக்கோழிப் பண்ணைகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் வட்டாரத்தில், செத்த கோழியை மூடிய குழியில் போடாமல் ஓடையோரம் வீசினால் அது நாய்க்கும் பெரிய நரிக்கும் தினசரி விருந்து. விருந்து வைத்துவிட்டு விருந்தாளி மேல் புகார் சொல்வது செல்லாது.

உண்மையான எதிராளி காட்டுப்பன்றி. குச்சிக்கிழங்கு என்று நாம் சொல்லும் மரவள்ளி நிலத்தில் ஒன்பது பத்து மாதம் நிற்கிறது. அத்தனை மாதமும் பன்றிக்கு மண்ணுக்குள் மாவு மூட்டை காத்திருக்கிறது. நாமகிரிப்பேட்டையில் போதமலையிலிருந்தும், சேந்தமங்கலத்தில் கொல்லிமலையிலிருந்தும், ஆத்தூர்ப் பக்கம் கல்வராயனிலிருந்தும் பன்றி இறங்குகிறது என்று சொல்வது பழைய கணக்கு. இன்று பல கூட்டங்களுக்கு மலை தேவையே இல்லை. வசிஷ்ட நதி, திருமணிமுத்தாறு, சரபங்கா இவற்றின் கரையிலும் வறண்ட ஏரிகளிலும் அடர்ந்து கிடக்கும் சீமைக்கருவேலமே வீடு. அந்த மரத்துக்கு நாம் வைத்த இன்னொரு பெயர் வேலிக்காத்தான். வேலி காக்க வந்தது இப்போது பன்றியைக் காக்கிறது. நாலு மாதத்துக்குள் ஈனும், ஓர் ஈற்றுக்கு நாலைந்து குட்டி போடும் மிருகத்துக்குப் பகலில் படுக்க நிழலும் இரவில் தின்னக் கிழங்கும் அருகருகே கிடைத்தால் அது ஏன் போகும்? ஆகவே பன்றி வேலியின் முதல் வேலை வரப்புக்கு வெளியே தொடங்குகிறது. தோட்டத்தை ஒட்டிய ஓடைப் புதரை ஊராகச் சேர்ந்து வெட்டாமல், தனித்தனியாக எவ்வளவு கம்பி கட்டினாலும் பன்றி பக்கத்துக் காட்டுக்குப் போய், மறுவாரம் திரும்பும்.

மலிவான வழிகள் நிறைய இருக்கின்றன, எல்லாமே கொஞ்ச காலம் வேலை செய்கின்றன. நிறம் நிறமாகப் பழைய சேலைகளைக் காட்டைச் சுற்றிக் கட்டுவது, சலூன் முடியை வரப்பில் தூவுவது, இரவெல்லாம் விளக்கு எரிப்பது, ஒலிப்பானில் நாய் குரைப்பைப் போடுவது. பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. சேலையில் அதை நிறுத்துவது நிறமல்ல, மனித வாடையும் காற்றில் அசையும் சத்தமும்தான். வெயிலில் காய்ந்து வாடை போனதும் அது வெறும் துணி. மக்காச்சோளத்தையும் கடலையையும் சுற்றி நாலு வரிசை ஆமணக்கு விதைப்பது இவற்றைவிடப் புத்திசாலித்தனம், ஏனென்றால் அது பன்றியின் மூக்கோடு பேசுகிறது, விளைந்தால் காசும் தருகிறது. எந்தத் தந்திரத்துக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: பயம் மட்டும் காட்டி வலிக்காத எதையும் மிருகம் சில வாரங்களில் கற்றுக்கொள்ளும். பயிருக்கு ஆபத்தான அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் அதை எடுத்து வைத்துக்கொண்டால் பலன். விதைத்த அன்றே கட்டிவிட்டால் கிழங்கு பருக்கும்போது அது பன்றிக்குப் பழகிய உறவு.

வலிக்கிற வேலி சூரிய மின்வேலி. இதைப் பற்றி விற்பவர் சொல்லாத சில உண்டு. அந்த எந்திரம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறை சில ஆயிரம் வோல்ட்டைத் தட்டிவிடுகிறது, ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அது நீடிப்பதில்லை. அதனால் உதைக்கும், கொல்லாது. மின்சாரம் மிருகத்தின் உடம்பு வழியாக மண்ணில் இறங்கி, எர்த் கம்பி வழியாக எந்திரத்துக்குத் திரும்பினால்தான் சுற்று முடியும். நம் செம்மண் பங்குனி, சித்திரையில் ஓடாகக் காய்ந்துவிடும். காய்ந்த மண் மின்சாரத்தைக் கடத்தாது. வேலி செத்துவிட்டது என்று பேட்டரியை மாற்றுகிறார்கள்; தேவைப்பட்டது எர்த் கம்பியைச் சுற்றி இரண்டு குடம் தண்ணீர். மழைக்காலத்தில் நேர் எதிர்த் தொல்லை. அருகும் கொடியும் வளர்ந்து கீழ்க்கம்பியைத் தொட்டால் மின்சாரம் முழுவதும் புல் வழியாக ஒழுகிப்போகும். புல் செதுக்க ஆள் இல்லாதவர் மின்வேலி வாங்கவே கூடாது என்பேன். இந்தப் பராமரிப்புக்குச் சோம்பி, பம்புசெட்டு லைனிலிருந்து நேரே கம்பிக்கு இணைப்புக் கொடுப்பவர்கள் செய்வது கொலை. அந்த மின்சாரம் தொட்டதை விடாமல் பிடித்துக்கொள்ளும். பக்கத்து தருமபுரி மாவட்டத்தில் மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச்சில் மூன்று யானைகள் அப்படிக் கட்டிய வேலியில் செத்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. தண்ணீர் பாய்ச்ச இருட்டில் போகிற மனிதருக்கும் அதே கதிதான். அந்த ஆண்டே தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டை ஒட்டிய நிலத்தில் புதிய மின்வேலிக்கு வனத்துறை அனுமதி வேண்டும்.

சட்டம் மிருகத்துக்கு இருக்கிறது, எங்களுக்கு எங்கே என்ற கேள்வி இங்கே எழும். பன்றி விஷயத்தில் அந்தக் கேள்வி சரி. ஒரே இரவில் பத்துமாத உழைப்பைப் புரட்டிப்போட்ட மிருகத்தைப் பார்த்துக்கொண்டு பொறுமை காக்கச் சொல்வது, நிலம் இல்லாதவர்கள் சொல்லும் உபதேசம். 2025 ஜனவரியில் அரசு ஒரு வழி அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம், மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். நம் சமவெளியின் பெரும்பகுதி மூன்றாவது வளையத்தில் வருகிறது. இதை நான் எதிர்க்கவில்லை. பன்றிக்கு அந்த அளவு கடுமை தேவைப்படுகிறது என்பதாலேயே நரியையும் அதே கண்ணால் பார்க்கக்கூடாது என்கிறேன். அவுட்டுக்காய் என்னும் நாட்டுவெடியைப் பன்றிக்கென்று வைத்தால் அதை நரியும் கடிக்கும், மேயப்போன மாடும் கடிக்கும். விஷம் வைத்த தீனிக்கும் ஆள் அடையாளம் தெரியாது.

மயிலுக்கும் குரங்குக்கும் வேலியால் செய்ய முடிவது குறைவு. விதைப்பு முளைத்துத் தலைதூக்கும் வரை ஆள் காவல், ஒலிக்கும் ரிப்பன், சின்னத் தோட்டமானால் மேலே வலை. குறிஞ்சி நிலப் பெண்கள் பரணில் உட்கார்ந்து தட்டையும் கவணும் கொண்டு கிளி விரட்டியதிலிருந்து இதில் பெரிய முன்னேற்றம் எதுவும் நடந்துவிடவில்லை. கோடையில் சொட்டுநீர்க் குழாய் கடிபடுவதற்கு மட்டும் சுலபமான மருந்து உண்டு. அணிலும் எலியும் நரியும் குழாயைத் தின்ன வருவதில்லை, உள்ளே இருக்கும் தண்ணீருக்காகக் கடிக்கின்றன. வரப்பு மூலையில் தரைமட்டத்துக்கு ஒரு தொட்டி புதைத்துத் தண்ணீர் விட்டால் குழாய்க் கடி குறையும்.

இனி உயிர்வேலி. கல்லுக்காலும் கம்பியும் வருமுன் கொங்கு நாட்டின் வேலி கிளுவைதான். மழைக்கு முன்னால் போத்து வெட்டி நெருக்கமாக ஊன்றி, இடையில் கள்ளியோ கற்றாழையோ வைத்து, தலையைத் தறித்துத் தறித்து அடியில் அடர்த்தி ஏற்றுவார்கள். ஆடு மாடு நுழையாது, முட்டிப் பார்க்கும் பன்றியையும் நன்றாக அடர்ந்த கிளுவை தயங்க வைக்கும். வேரோரத்தில் ஓணானும் கீரியும் குடியிருக்கும். இதற்கு எதிராகச் சொல்லப்படும் மூன்றும் உண்மை: அடர மூன்று நான்கு வருஷம் ஆகும், நாலைந்து அடி அகலம் நிலம் பிடிக்கும், தறிக்கத் தெரிந்த ஆள் இப்போது கிடைப்பதில்லை. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் நாலு பக்கமும் ஐந்தடி விடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஓடையைப் பார்த்த ஒரு பக்கம் மட்டும் கிளுவை வைத்து, மற்ற மூன்று பக்கம் கம்பி கட்டினால் செலவும் குறையும், பன்றி வழக்கமாக வரும் பக்கம் பலமாகவும் இருக்கும். பன்றி எல்லாப் பக்கமும் வருவதில்லை, பழகிய தடத்தில்தான் வரும்.

கடைசியாக, கம்பிவலை போடத்தான் போகிறேன் என்பவருக்கு. வேலியை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. கோழிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ஓர் உள்வேலி: கண் சிறிய வலை, அடியில் ஓர் அடியை வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் படுக்கவைத்து மண்போட்டு மூட வேண்டும். தோண்டுகிற மிருகம் எப்போதும் வலையின் அடியில்தான் தோண்டத் தொடங்கும். கால் படுமிடமெல்லாம் கம்பி தட்டுப்பட்டால் விட்டுவிடும், இரண்டடி தள்ளித் தோண்டலாம் என்ற யோசனை அதற்கு வராது. பயிருக்கான வெளிவேலியில் இந்த மடிப்பு வேண்டாம். நமீபியாவில் பண்ணைக்காரர்கள் வேலியின் அடியில் பழைய டயரைப் பொருத்தி வைக்கிறார்கள்; சின்ன மிருகங்கள் அதன் வழியே போய்வருவதால் வேலியைத் தோண்டிக் கெடுப்பது குறைகிறது. நமக்கு டயர் பெரிது, பன்றிக்குட்டி தாராளமாக நுழையும்; ஒன்பது அங்குல சிமென்ட் குழாய்த் துண்டு போதும். குட்டி அதிலும் நுழையலாம் என்று சொல்வீர்கள், நுழையலாம்தான். தாய் வெளியே நிற்கக் குட்டி மட்டும் வந்து ஒரு காட்டை அழிப்பதில்லை. குழாயின் வாய் கோழிக்கூண்டைப் பார்த்து இருக்கக்கூடாது. கடலைக்காட்டில் எலிவளை எந்த வரப்பில் அதிகமோ அந்த வரப்பின் ஓரத்தில், கரட்டைப் பார்த்த பக்கமாக வையுங்கள்.